நாளுக்கு ஒரு பெயர்

என் புருஷன் செபாஸ்டியன் வாயிலிருந்து முதலில் வந்த பெயர் லில்லி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து, சாப்பிட்டு முடித்து, கூடத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "லில்லி" என்றார். கண் திறக்கவில்லை. கொஞ்சம் சிரித்தார். கலியாணமாகி ஆறு வருஷத்தில் என் பெயரைச் சொல்லி அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஊசி விரலில் குத்தி இரத்தம் சட்டையில் பட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. எங்கள் கோயிலில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேரிடம் நானே சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டு ஆசியா பீவி அக்கா என் அரிவாள்மனையை இரவல் வாங்கிப் போனால், சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் நானே போய்த் திருப்பி வாங்கி வந்துவிடுவேன். அரிவாள்மனைக்கே அப்படியென்றால் தாலி கட்டிய மனுஷனுக்கு எப்படி இருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்காக நான் வெட்கப்படுவதாக இல்லை.

அவர் பீச் ஸ்திரீட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் தந்திக் கிராணி, அதாவது தந்தி எழுதும் குமாஸ்தா. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஆபீசுக்குத் தினமும் தந்தி போகும். என்ன விலைக்கு வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம், எந்தக் கப்பலில் ஏற்றலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழியில் எதிர்க் கம்பெனிக்காரன் படித்துவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. அதனால் தந்தியைச் சங்கேதமாக மாற்றித்தான் அனுப்புவார்கள். என் புருஷனும் சூசை என்று இன்னொரு கிராணியும் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அந்த வேலையைச் செய்துவந்தார்கள். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் தெரியும். சாயங்காலம் வந்து காப்பி குடிக்கும்போது அவரே சொல்லுவார்.

ஜார்ஜ் மன்னரின் ஜூபிலிக்குக் கட்டிய தோரணங்களை ஊரில் அவிழ்த்துக்கொண்டிருந்த சமயத்தில் கம்பெனித் துரை அவரைக் கூப்பிட்டு மாடியில் தனி அறை கொடுத்தார். கதவுக்குப் புதுப் பூட்டு. அந்த இடம் தனக்குத்தான் கிடைக்கும் என்று சூசை நம்பியிருந்தான். கிடைக்கவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு எதிர்க் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். இவரைத் துரை ஒரு வாரம் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார். போகும்போது பேசிக்கொண்டே போன மனுஷன் திரும்பும்போது வாயைத் தைத்துக்கொண்டு வந்தார்.

"அந்த ரூம்ல என்னங்க வேலை?" என்று கேட்டேன்.

"கம்பெனி ரகசியம் அன்னம். கேக்காதே."

"ரப்பர்ல என்னங்க ரகசியம்? மரத்துல வெட்டுனா பால் வருது. சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டார். தலைக்கு வாசனை எண்ணெய் வாங்கினார். தனி அறைக்காரர் நன்றாக உடுத்த வேண்டும் என்று துரை சொன்னாராம். நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை லில்லி வருகிற வரைக்கும் நான் நம்பாதது ஒன்றும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே, "ஆக்னஸ், ஆக்னஸ், ஆக்னஸ்" என்று முணுமுணுத்தார். எங்கள் கோயிலில் எனக்குத் தெரிந்த ஆக்னஸ் ஒருத்திதான். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள், அறுபது வயது, வாயில் பல் கிடையாது. அவளாக இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை அதே கண்ணாடி முன்னால் "டோரிஸ்". புதன்கிழமை "மோனிக்கா". ஒருத்தி என்றால் போய் முடியைப் பிடித்து உலுக்கலாம். நாளுக்கு ஒருத்தி என்றால் எந்த முடியைப் பிடிப்பது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன்.

வியாழக்கிழமை கேட்டுவிட்டேன்.

"யாருங்க டோரிஸ்?"

கத்தி நின்றது. தாடையில் கீறி இரத்தம் கோடு போட்டது. அவர் முதலில் செய்த காரியம், போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அந்தப் பேரை வெளிய எங்கயும் சொல்லிடாதே அன்னம். வேலையே போயிடும். அது கம்பெனி விஷயம்."

"மோனிக்கா?"

"அதுவும்தான்."

"லில்லி?"

இதற்கு மட்டும் துண்டை எடுத்துத் தாடையை ஒற்றினார். ஒற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒற்றினார்.

"அதுவும் அதேதான். கம்பெனி விஷயம்."

பொம்பளை பெயரெல்லாம் ரப்பர் கம்பெனி விஷயமாம். இதைப் போய் ஆசியா பீவி அக்காவிடம் சொன்னேன். அவருடைய வீட்டுக்காரர் சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தார். அக்கா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டார்.

"நாளுக்கு ஒருத்தியா? மாசம் அவ்வளவு காஜி குடுக்கிற கம்பெனி எதுன்னு சொல்லு லா. எங்க வீட்டுக்காரரையும் அங்கயே சேத்து விட்டுடலாம்."

"அக்கா, என் வயிறு எரியுது. நீங்க சிரிக்கிறீங்க."

"நாளுக்கு ஒருத்தின்னா ஒருத்தியும் இல்லைன்னு அர்த்தம். நீ இதைப் பெருசு பண்ணாதே."

அக்கா சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கேட்டு அடங்குகிற குணம் எனக்கு இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சுவாமியாரிடமும் சொல்லிப் பார்த்தேன். புருஷனைச் சந்தேகப்படுவது பாவம் என்று சொல்லி, பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒவ்வொரு தடவை மரியாயே என்று வரும்போதும் மோனிக்கா என்று வாயில் வந்தது.

சூசை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னைப் பிடித்தான். என் புருஷன் உள்ளே பங்குச் சபைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சூசை எப்போதும் எனக்கு மரியாதை கொடுப்பவன், இவரோடு பேச்சுவார்த்தை நின்ற பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"என்னக்கா, மொகம் வாடிக் கெடக்கு. அண்ணே நல்லா இருக்காரா?"

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் நான் கொட்டிவிட்டேன். முதலில் லில்லியைத்தான் சொன்னேன், எனக்கு அதுதான் முதல் முள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"தூக்கத்துல உளர்றதுக்கு என்னக்கா இருக்கு. விடுங்க."

"காலையிலயும் சொல்றாரு தம்பி. சவரம் பண்ணும்போது. நாளுக்கு ஒரு பேரு."

சூசை கிட்டே வந்தான்.

"ஒரு நாளைக்கு ஒரே பேருதானா? திரும்பத் திரும்பவா? இன்னைக்கு என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழமை சொல்றதில்ல."

"ஆமா, லீவு" என்றான், தனக்குத்தானே. பிறகு என் முகத்தைப் பார்த்து மிகவும் இரக்கமாகச் சொன்னான். "அக்கா, இது சும்மா விடுற விஷயமில்ல. ஆளைக் கண்டுபிடிக்கணும். தெனம் காலையில என்ன பேருன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. இவர் ஆபீசுக்குக் கிளம்பினதும் நான் கூடையை எடுத்துக்கொண்டு சவுராஸ்தா பாசாருக்குப் போவேன். மீன் கடைப் பக்கம் சூசை சைக்கிளோடு நிற்பான். நான் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே "எடித்" என்பேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவான். சில நாள் எழுத்துக்கூட்டிக் கேட்பான். "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்கதானே, அவரு சொல்றது மூரியலா, மேரியலா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க" என்பான். ஆள் தேடுகிறவனுக்கு எழுத்துக்கூட்டு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளி வைத்தேன், ஏனென்றால் என் பக்கம் நின்று பேச அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

"அந்த லில்லி யாருன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பேரு உதவாதுக்கா. அதை விட்டுடுங்க. காலையில சொல்றது மட்டும் போதும்."

என்னைக் குடைந்துகொண்டிருந்த பெயரைத்தான் அவன் வேண்டாம் என்றான். மற்றவர்களுக்கெல்லாம் நான் ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். ரூத் நெட்டையானவள், நகத்துக்குச் சாயம் பூசுவாள். மூரியல் டெலிபோன் ஆபீசில் வேலை செய்யும் யுரேஷியக்காரி, முழங்கால் தெரியக் கவுன் போடுவாள். டோரிஸுக்குப் பாடத் தெரியும். குழம்பு கொதிக்கும்போது ஒவ்வொருத்தியோடும் நின்று சண்டை போடுவேன், குழம்பு அடிப்பிடிக்கும். லில்லிக்கு மட்டும் முகம் வரவே இல்லை. தூக்கத்தில் அவர் சிரித்த சிரிப்புதான் வந்தது.

இதற்கிடையில் வீட்டில் அவர் மெலிந்துகொண்டே வந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

"என்னங்க, சாப்பாடு பிடிக்கலையா?"

"வேலை நெலைக்குமான்னு தெரியல அன்னம். நாங்க எந்த வெலை கேக்கப் போறோமோ, அதுக்கு மேல கொஞ்சம் வச்சு எதிர்க் கம்பெனிக்காரன் முந்திக் கேட்டுடுறான். எப்படித் தெரியுதுன்னு தெரியல. துரைக்கு என் மேலதான் சந்தேகம்."

அந்த இடத்தில் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவளோ ஒருத்தி ஒத்துவரவில்லை, அதற்குக் கம்பெனி மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவர் சவரம் செய்யவே இல்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "ஜூடித்" என்றார். பெருமூச்சு விட்டார். மறுபடியும் "ஜூடித்" என்றார். என் காதுக்கு அது ஏங்குகிற குரலாகக் கேட்டது. மற்ற பெயர்களைச் சும்மா ஒப்பித்தார், இவளை மட்டும் நினைத்து உருகுகிறார் என்று தீர்மானித்துவிட்டேன்.

அன்றைக்கு நான் பாசாருக்குப் போகவில்லை. அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் பெட்டியைத் திறந்து கலியாணப் புடவையை எடுத்துக் கட்டினேன். ரிக்‌ஷா பிடித்து நேரே பீச் ஸ்திரீட்டுக்குப் போனேன். கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்த சீக்கிய ஜாகா என்னை மறித்தான். புடவையையும் என் கண்ணையும் பார்த்துவிட்டு வழி விட்டான். படியேறி மாடிக்குப் போனேன். வரிசையாக மேசைகள், கிராணிகள் எல்லோரும் தலைதூக்கினார்கள். பூட்டுப் போட்ட கதவு எது என்று யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கதவைத் தட்டினேன். கையால் தட்டி, பிறகு வளையலோடு தட்டினேன்.

"யாரு அந்த ஜூடித்? வெளிய வரச் சொல்லுங்க. அவ மொகத்தை நான் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

பக்கத்து அறையிலிருந்து துரை வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஜூடித் என்ற பெயரை நான் இரண்டாம் தடவை சொன்னதும் அவர் முகம் மாறியது. தன் சாவியால் கதவைத் திறந்து, என்னை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டி, தானும் நுழைந்து கதவை உள்ளிருந்து பூட்டினார்.

அறையில் பொம்பளை யாரும் இல்லை. ஜன்னல் மூடியிருந்தது. என் புருஷன் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார், வெளுத்துப் போயிருந்தார். மேசைமேல் ஒரு எந்திரம் இருந்தது. பெரிய அப்பளத்தைப் பாதியாக உடைத்து நிமிர்த்தி வைத்த மாதிரி அரை வட்டம், பளபளவென்று வெள்ளிப் பூச்சு. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. நடுவில் ஒரு சக்கரம், கீழே ஒரு பிடி.

துரை இங்கிலீஷில் கேட்டார். கான்வென்டில் எழுத்துக்கூட்டவும் கும்பிடவும் கற்றுக்கொடுத்தார்கள், இவ்வளவு வேகமான இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. என் புருஷன்தான் தமிழில் சொன்னார்.

"ஜூடித்ங்கிற பேரை யார்கிட்ட சொன்னேன்னு கேக்கிறாரு."

"இன்னைக்கு உள்ளதை இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நேத்து வரைக்கும் உள்ளதை எல்லாம் சூசைகிட்டச் சொன்னேன். எவ எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்னான்."

என் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே அதைத் துரைக்குச் சொன்னார். துரை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பைப்பை எடுத்துப் புகையிலை திணித்தார். எதையோ யோசித்து, கடைசியில் இலேசாகச் சிரித்தார். என் புருஷனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே கணக்கர் அறைக்குப் போனார்.

"உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடச் சொல்றாரு" என்றார் இவர். "பாதி தெரிஞ்சவதான் ஆபத்தாம்."

சொன்னார். இது ஜெர்மன்காரன் செய்தது. பிடியை அழுத்தினால் கடிகாரம் மாதிரி உள்ளே இருக்கிற சுருள்வில் முடுக்கிச் சக்கரம் தானாகச் சில இடம் நகரும், நின்ற இடத்தில் எந்த எழுத்துக்கு எந்த எழுத்து வருகிறதோ அதுதான் தந்தியில் போகும். அழுத்திக் காட்டினார், கிர்ரென்று நகர்ந்து நின்றது. சிங்கப்பூர் ஆபீசில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. எதிர்க் கம்பெனிக்காரனும் இப்போது ஒன்று வாங்கிவிட்டான்.

"அவன்கிட்டயும் இருந்தா அப்புறம் என்னங்க ரகசியம்?"

"எந்திரம் ரகசியமில்ல அன்னம். இந்தத் தகடுகளை எந்த வரிசையில வைக்கிறோம்கிறதுதான் ரகசியம். தெனம் ஒரு சாவி வார்த்தை. அந்த வார்த்தையோட எழுத்து முதல்ல, மீதி எழுத்தெல்லாம் அதுக்குப் பின்னால. தந்திக் காகிதத்தை யாராவது நகல் எடுப்பான்னு துரைக்குத் தெரியும். சாவி தெரியாம அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்குச் சாவி ஜூடித்."

நான் எந்திரத்தைப் பார்த்தேன். ஜே, யு, டி, ஐ, டீ, ஹெச் என்று முதல் தகடுகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துக்கள்தான். முன்னது டோரிஸில் வருகிற டி, பின்னது ரூத்தில் வருகிற டீ.

"சாவியைக் காகிதத்துல எழுதக் கூடாதுன்னு உத்தரவு. தேதிக்கு ஒண்ணு, மாசத்துக்கு முப்பத்தொண்ணு, எல்லாம் மனசுலயே இருக்கணும். மறக்காத வார்த்தையா நீயே பாத்து வச்சுக்கன்னு சொன்னாரு. தெனம் காலையில தேதிய நெனச்சுச் சொல்லிப் பாத்துக்குவேன்."

"ஒரு ஆம்பளைக்கு மறக்காத வார்த்தை முப்பத்தொண்ணும் பொம்பளை பேருதானா?"

"சிங்கப்பூர் கிராணிக்கும் மறக்கக் கூடாதே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நெட்டை ரூத் போனாள். கவுன் போட்ட மூரியல் போனாள். ஒரே நிமிஷத்தில் முப்பத்தொரு சக்களத்திகள் ஒழிந்தார்கள், எல்லோரும் வெறும் தகரம். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவர் தலை எண்ணெய் எனக்கு வாசனையாக இருந்தது.

"சூசைகிட்ட சொன்னதுக்குக் கோபமா?"

"கோபம்தான். என்ன பண்றது. நான் சத்தமா சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, முப்பத்தொரு பேர்ல என் பேரு எங்க?"

"உன் பேரை வைக்க முடியாது அன்னம்."

"ஏனாம்? டோரிஸை வைக்க முடியுது, என்னை வைக்க முடியாதா?"

"வேணும்னா நீயே வச்சுப் பாரு" என்று ஒரு டப்பாவைத் தள்ளினார். அதில் எந்திரத்தில் இருந்தது போலவே இன்னொரு செட் தகடுகள், பழசாகிப் போனால் மாற்றுவதற்கு. நான் ‘ஏ’ எடுத்தேன், ‘என்’ எடுத்தேன். அடுத்த ‘என்’ இல்லை. அடுத்த ‘ஏ’யும் இல்லை.

"எழுத்துக்கு ஒரு தகடுதான். ஒரு எழுத்து ரெண்டு தடவை வர்ற பேரு இதுல ஏறாது. அன்னமேரியில ‘என்’ ரெண்டு, ‘ஏ’ மூணு. நம்ம பேரு முக்கால்வாசி அப்படித்தான், எங்க பாத்தாலும் ஏ. அதனாலதான் வெள்ளைக்காரப் பேராத் தேடித் தேடி வச்சேன்."

எனக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்தது. மனசில் இடமில்லை என்று இல்லை, தகடு இல்லை, அவ்வளவுதான். குழந்தை விளையாடுவது போல ஒவ்வொரு பெயராக மேசையில் அடுக்கிப் பார்த்தேன். டோரிஸ் வந்தது. ஆக்னஸ் வந்தது. மோனிக்கா வந்தது, ஆறு எழுத்தும் வேறு வேறு. எடித் வந்தது. ஒவ்வொருத்தியும் வந்து நிற்கிற போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது.

பிறகு எல் எடுத்து வைத்தேன். ஐ எடுத்து வைத்தேன். அடுத்த எழுத்துக்காக டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். எல் ஒன்றுதான், அது ஏற்கெனவே மேசையில் இருந்தது.

வேறு விதமாக எழுதுவார்களோ என்று யோசித்தேன். கான்வென்டில் என் பெஞ்சில் ஒரு லில்லி இருந்தாள், அவள் நோட்டில் எழுதியதையும் நினைத்துப் பார்த்தேன். எப்படித் திருப்பிப் போட்டு எழுதினாலும் எல் இரண்டு வேண்டும். நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த அந்த இரண்டு தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரத்தின் வில் இன்னும் முழுக்க இறங்காமல் உள்ளே இலேசாகச் சத்தம் போட்டது.

அப்போது துரை திரும்பி வந்தார். உற்சாகமாக இருந்தார், கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். இவர் தலை குனிந்தபடி எனக்குச் சொன்னார்.

"நீ எப்பவும் போல பாசாருக்குப் போகணுமாம். நாங்க சொல்ற பேரை சூசைகிட்டச் சொல்லணும். அந்தப் பேரை வச்சு ஒரு பொய்த் தந்தி அனுப்புவாங்க, பொய் வெலை போட்டு. சூசை அதைப் படிச்சு அவன் கம்பெனியை முழுக வைப்பான். நம்ம நெஜத் தந்திக்கு வேற சாவி."

"நான் சொல்லலேன்னா?"

துரையைக் கேட்காமலேயே அவர் பதில் சொன்னார். "என் வேலை போயிடும்."

"சரி. சொல்றேன்னு சொல்லுங்க."

துரைக்கு மிகவும் திருப்தி. கிட்டே வந்து எனக்குக் கைகொடுத்தார். நான் கையை விடவில்லை.

"நாளைக்கு உள்ள பேரை நானே தேர்ந்தெடுக்கலாமான்னு துரையைக் கேளுங்க" என்றேன். "லில்லின்னு வைக்கட்டும்."

என் புருஷன் மேசையில் கிடந்த தகடுகளை டப்பாவில் போட ஆரம்பித்தார். துரை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். லில்லி என்ற வார்த்தை அவர் காதிலும் விழுந்திருந்தது, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். தலையை ஆட்டிச் சிரித்தார். எந்திரத்தின் ஓரத் தகடுகளை விரலால் தட்டிக் காட்டி, வேகமாக நான்கைந்து வாக்கியம் சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

"வேற பேரு வைக்கச் சொல்றாரு."

"ஏனாம்?"

"அன்னம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"துரை காத்துக்கிட்டு இருக்காரு. அவரு சொன்னதைச் சொல்லுங்க."

அவர் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பேரு இதுல வராதாம். சூசைக்கும் அது தெரியுமாம், சொன்னா உடனே சந்தேகப்படுவானாம். அப்படி ஒரு சாவி இந்தக் கம்பெனியில எப்பவுமே இருந்ததில்லையாம்."

எனக்கு அழுகை வரவில்லை. முப்பத்தொரு பேரோடு இத்தனை நாள் சண்டை போட்டுக் களைத்துப் போயிருந்தேன், நிஜமானவள் வந்தபோது கத்துவதற்குத் தெம்பு மிஞ்சவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"அப்படின்னா நாளைக்கு உள்ள பேரைத் துரையே எனக்கு நேரா சொல்லட்டும்" என்றேன். "என் புருஷன் வாயால சொல்ற எந்தப் பொம்பளை பேரையும் நான் இனி நம்பறதா இல்லை. இதைத் துரைக்குச் சொல்லுங்க."

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று தெரிந்துகொள்ள என் புருஷன் முகத்தைப் பார்த்தார். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார்.